பூஜ்யத்துக்கு இறங்காத ஈயம்

பேனா இறங்கிக்கொண்டே வந்து, அடியைத் தொடுவதற்கு முன்னால் நின்றுவிட்டது.

பதிவுக் கருவியின் காகிதச் சுருளில் சிவப்புக் கோடு இழுத்துக்கொண்டிருந்த அந்தப் பேனா, ஒரு கண்ணாடித் துண்டின்மேல் பூசிய ஈயப் படலத்தின் மின்தடையைக் காட்டுவது. படலம் சில அணுக்களின் கனம்தான் இருக்கும். கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தால் புகை படிந்தது போலத் தெரியும். நேராகப் பிடித்தால் அதுவும் தெரியாது. திரவ ஹீலியத்தில் குளிரக் குளிர அதன் மின்தடை நாலாயிரம் ஓமிலிருந்து சரசரவென்று விழும். அறுபது ஓமுக்கு வந்ததும் நிற்கும். அதன்பின் எவ்வளவு குளிரவைத்தாலும் இறங்குவதில்லை, ஏறுவதுமில்லை. பேனா மட்டும் அதே உயரத்தில் லேசாக அசைந்துகொண்டிருக்கும், தூங்குகிறவரின் மார்பு போல.

"மூச்சு விடறாரு பாருங்க மேடம்" என்பார் அட்டெண்டர் மாதப்பன், டீயை வைத்தபடி. அவர் இரண்டு டம்ளர் கொண்டுவருவார். ஒன்று படலத்தை அளக்கும் பவுலினாவுக்கு. இன்னொன்று பக்கத்து மேசையின் கிருஷ்ணப்பனுக்கு.

கிருஷ்ணப்பன் காலமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

ஓசூர் மூக்கண்டப்பள்ளி தொழிற்பேட்டையின் பின்வரிசையில் இருந்த தாழ்வெப்பப் பொருளாய்வு நிலையத்தில், ஒரு மாதிரிப்பொருள் யார் பெயரில் இருக்கிறதோ அவரை, அந்தப் பொருள் ஏதாவதொரு பிரிவில் சேரும்வரை பணியிலிருந்து விடுவிக்க முடியாது. விடுவிக்கப்படாதவர் பணியில் இருப்பவர். பணியில் இருப்பவருக்கு நாற்காலி, மின்விசிறி, இருவேளை டீ உண்டு. ஆகவே கிருஷ்ணப்பனின் காலி நாற்காலிக்கு மேலே விசிறி ஓடியது. சாயங்காலம் அவருடைய டம்ளர் காலியாக இருக்கும். "குடிச்சிடறாருங்க" என்பார் மாதப்பன். அப்போது அவர் முகத்தில் சிரிப்பு இருக்கிறதா என்று பவுலினா உற்றுப் பார்த்திருக்கிறாள். இருந்ததில்லை.

கிருஷ்ணப்பன் விட்டுப்போன ஈயப் படலம், இப்போது அவர் பெயரிலும் பவுலினா பெயரிலும் கூட்டாக இருந்தது. பவுலினாவுக்குக் கிருஷ்ணகிரியில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலை கிடைத்திருந்தது. பொங்கல் விடுமுறை முடிந்து சேர வேண்டும். சேர இங்கிருந்து விடுவிப்பு ஆணை வேண்டும். இயக்குநரிடம் போய்க் கேட்டாள்.

"பாருங்கம்மா, செத்துப்போறது அவங்கவங்க சொந்த விஷயம். அதுல நிலையம் தலையிடறதில்ல" என்றார் இயக்குநர். "அதே மாதிரி, நிலையத்து விஷயத்துல சாவும் தலையிடக் கூடாது. கிருஷ்ணப்பன் சார் அதைப் புரிஞ்சுக்கிட்டு ஒத்துழைக்கிறாரு. நீங்க உயிரோட இருந்துக்கிட்டு ஒத்துழைக்க மாட்டேங்கறீங்க."

நிலையத்தில் இரண்டு பிரிவுகள் மட்டும் ஏன் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் பின்னால் நடந்ததெல்லாம் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். சொன்னாலும் தோன்றும்; எந்த இடத்தில் தொடங்கியது என்பதாவது தெரிந்திருக்கும்.

சாதாரணக் கம்பியில் எலக்ட்ரான்கள் தனித்தனியாக, முட்டி மோதிக்கொண்டு போகின்றன. அந்த மோதல்தான் மின்தடை. ஈயத்தை நன்றாகக் குளிரவைத்தால் அவை இரண்டிரண்டாக ஜோடி சேர்கின்றன. எல்லா ஜோடிகளும் ஒரே தாளத்தில் நகரத் தொடங்கிவிட்டால் மோதலே இல்லை. மின்தடை சுத்தமாகப் பூஜ்யம். இதுதான் மீக்கடத்தி. படலத்தை மிகமிக மெலிதாக்கினால் வேறொன்று நடக்கலாம். ஜோடி சேரும், தாளம் சேராது. ஒவ்வொரு ஜோடியும் தன் இடத்திலேயே சிக்கிக்கொள்ளும். அப்போது குளிரக் குளிர மின்தடை ஏறிக்கொண்டே போகும். அது மின்காப்பு. மெல்லிய படலத்துக்கு இந்த இரண்டே கதிதான் என்று அந்தக் காலத்துப் பாடநூல்கள் சொல்லின. நிலையத்தைக் கட்டியவர்கள் பாடநூலைப் பார்த்தே கட்டினார்கள். இரண்டு பிரிவு, இரண்டு வாசல், இரண்டு ஜீப்.

மீக்கடத்திப் பிரிவின் தலைவர் டாக்டர் பாஸ்கரன். "பூஜ்யம் வராம என் வாசல் தாண்டக் கூடாது. அறுபது ஓம்னா அது என் ஜாதியில்ல" என்றார்.

மின்காப்புப் பிரிவின் தலைவர் டாக்டர் சரோஜம்மாள். "குளிர்ல ஏறணும். இது அசையாம நிக்குது. நிக்கறதுக்கெல்லாம் என்கிட்ட இடமில்ல பவுலினா. ஏற்கெனவே என் ஆளுங்க நிறைய பேரு நின்னுக்கிட்டுதான் இருக்காங்க."

இறங்கி முடிக்காமலும் ஏறாமலும் நடுவில் தொங்கிக்கொண்டிருப்பதை நிலையத்தில் பேய் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். சாயங்காலமானால் யாரும் தனியாக அந்த அறைப்பக்கம் போவதில்லை. பவுலினாவே, பேனாவின் கீச்சொலி கேட்டால், முதலில் அந்த நாற்காலியைப் பார்த்துவிட்டுத்தான் காகிதத்தைப் பார்ப்பாள்.

ஆயுத பூஜை வந்தது. ஓசூரில் அந்த ஒருநாள் எந்த இயந்திரமும் ஓடாது. லேத்துக்குச் சந்தனம், கிரைண்டருக்குக் குங்குமம், லாரிச் சக்கரத்துக்கு எலுமிச்சை. சங்கு ஊதாத தொழிற்பேட்டையில் நாய் நடக்கும் சத்தம்கூடக் கேட்கும். நிலையத்திலும் குளிர்கலத்துக்கு வாழைக்கன்று கட்டினார்கள். ஆனால் பெங்களூரிலிருந்து ஹீலியம் முந்தின நாளே வந்து ஊற்றியாகிவிட்டது; அது பூஜைக்காகக் காத்திருக்காது, ஆவியாகிவிடும். குளிரைப் பிடித்துவைக்கும் பம்ப் ஓடியாக வேண்டும். எனவே பம்புக்கு மட்டும் வழிபாட்டிலிருந்து விலக்கு அளித்து இயக்குநர் எழுத்தில் ஆணையிட்டார்.

பூசாரி தீபாராதனை காட்டி, மாதப்பன் வாசலில் பூசணிக்காயை உடைத்து, எல்லாரும் பொரியை மென்றுகொண்டிருந்தபோது பேனா இறங்கத் தொடங்கியது. ஐம்பது. நாற்பது. இருபது. பதினெட்டில் போய் நின்றது. நடுக்கமும் இல்லை.

யாரும் மெல்லவில்லை. காலி நாற்காலியை எல்லாரும் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

"சாந்தியாயிட்டாரு" என்றார் மாதப்பன்.

மறுநாள் காலை தொழிற்பேட்டையில் சங்கு ஊதியது. பேனா அறுபதுக்குத் திரும்பியிருந்தது.

இயக்குநர் கூட்டம் கூட்டினார். "உலகத்துல எந்த ஆய்வகமும் செய்யாததை நாம செஞ்சிருக்கோம். அறுபதைப் பதினெட்டாக்கியிருக்கோம். எப்படின்னு கேப்பாங்க. அறிவியல் முறைப்படிதான். என்ன செஞ்சப்ப இறங்குச்சோ, அதையே திரும்பச் செஞ்சு பாக்கணும். இனி வெள்ளிக்கிழமைதோறும் ஆயுத பூஜை."

அறிவியல் முறையில் ஒரு பாதியை அவர் சரியாகவே சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமைகள் வந்தன. பூசாரி வந்தார், சந்தனம் வந்தது, பூசணி உடைந்தது. பேனா அறுபதிலேயே நின்று மூச்சு விட்டது. விசாரணைக்குழு அமைத்தார்கள். முதல் பூசணி சூளகிரியிலிருந்து வந்தது, பிறகு வந்தவை ஓசூர் மார்க்கெட்டில் வாங்கியவை என்று குழு கண்டுபிடித்தது. ஜீப் சூளகிரிக்குப் போய்வந்தது. பயனில்லை. பூசணி உடைக்காமல் ஒரு வெள்ளிக்கிழமை செய்து ஒப்பிட வேண்டும் என்றார் பாஸ்கரன். அது அபசகுனம் என்று குழு மறுத்தது. பொரி ஒன்று பம்புக்குள் போய், பம்ப் இருமியது. கடைசியில் குழுவின் கண் பவுலினாவின் கழுத்துச் சிலுவைமேல் விழுந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் இயக்குநர். "பூஜை நேரத்துல நீங்க கொஞ்சம் வெளிய நின்னா..."

"முதல் தடவையும் நான் உள்ளதான் சார் இருந்தேன். பொரிகூடச் சாப்பிட்டேன்."

"எவ்வளவு பொரி?" என்று கேட்டார் பாஸ்கரன், குறித்துக்கொள்ளப் பேனாவை எடுத்தபடி.

மார்கழி பிறந்தது. ஜனவரியில் டெல்லியிலிருந்து ஆய்வுக்குழு வருவதாகச் செய்தி வந்தது. இயக்குநர் பவுலினாவை அழைத்து, கதவைச் சாத்திவிட்டு, மிக அன்பாகப் பேசினார்.

"பூஜையன்னிக்கு வந்த பதினெட்டை எடுத்துக்குங்க. நாலாயிரத்துல பதினெட்டு எவ்வளவு? அரை சதவீதம்கூட இல்ல. என் சம்பளத்துல அரை சதவீதம் பிடிச்சா எனக்குத் தெரியவே தெரியாது. பூஜ்யம்னு எழுதிக் கையெழுத்து போடுங்க. பாஸ்கரன் வாங்கிக்கறேன்னுட்டாரு. பொங்கலுக்கு நீங்க கிருஷ்ணகிரியில."

அவள் யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். எழுதிவிடலாம் என்றுதான் அறைக்குத் திரும்பினாள். அங்கே கிருஷ்ணப்பனின் மனைவி சென்னம்மாள் உட்கார்ந்திருந்தாள். நாட்றாம்பாளையத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். வந்தால் கணவனின் நாற்காலிக்கு எதிரில், பார்வையாளர் நாற்காலியில்தான் உட்காருவாள்.

"அவர எப்பம்மா விடுவாங்க?" என்றாள். எப்போதும் கேட்பதுதான். "விட்டுட்டோம்னு ஒரு வார்த்த எழுதிக் குடுத்தாதான் மத்த ஆபீசுல செத்துட்டாருன்னே நம்பறாங்க."

"சீக்கிரம் விட்டுடுவாங்கக்கா. நான் இப்ப பூஜ்யம்னு எழுதப் போறேன்."

சென்னம்மாள் சிறிது நேரம் விசிறியைப் பார்த்தாள். "அவரையும் அதத்தான் எழுதச் சொன்னாங்க. தெனம் வந்து சொல்லுவாரு. இல்லாதத இருக்குன்னு எழுதலாம் சென்னு, ஆபீசுல அது சகஜம்; இருக்கறத இல்லேன்னு எப்படி எழுதறதும்பாரு. எழுதியிருந்தா வீட்டுக்கு வந்திருப்பாரு. நான் ஒண்ணும் அவர எழுதாதேன்னு சொல்லல." எழுந்து பையை எடுத்துக்கொண்டாள். "நீ எழுதும்மா. எதுக்கு நீயும் இங்கயே இருந்துக்கிட்டு."

அவள் போனபின் பவுலினா காகிதத்தை எடுத்தாள். பக்கத்து மேசையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. தான் எழுதாவிட்டால் இந்த அறையில் இரண்டு காலி நாற்காலிகளுக்கு விசிறி ஓடும் என்று அவளுக்குத் தெரிந்தது. எழுதினால், கிருஷ்ணப்பன் கடைசிவரை அளந்ததெல்லாம் பிழை என்று ஆகிவிடும். அதுவும் அவர் எதிரிலேயே உட்கார்ந்து. காகிதத்தை மடித்து வைத்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பூஜையில் அவள் பூசாரியைப் பார்க்காமல் பேனாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மந்திரம் ஒரு பக்கம். மந்திரத்துக்கு அடியில், சுவருக்கு அப்பாலிருந்து 'சர்ர்' என்று ஒரு சத்தம். பேனா நடுங்கியது. சத்தம் நின்றது, நடுக்கம் தணிந்தது. மறுபடி 'சர்ர்'. மறுபடி நடுக்கம். ஆயுத பூஜையன்று இந்த அறையில் என்னென்ன நடந்தது என்றுதான் எல்லாரும் கணக்கெடுத்தார்கள். ஓசூர் முழுக்க என்னென்ன நடக்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் கங்கப்பனின் வெல்டிங் ஷெட். இரும்பு கேட்டும் லாரிக் கதவும் செய்பவர். ஒரே வாக்கியத்துக்குள் மூன்று மொழிக்குப் போய்வர ஓசூர்க்காரர்களுக்குச் செக்போஸ்ட் கிடையாது, அவரும் அப்படித்தான்.

"ஏமி மேடம், உங்க ஆபீசுல தெய்யமாமே?" என்றார். பேயைத்தான் சொன்னார்.

"அது நீங்களான்னு பாக்கத்தாண்ணா வந்தேன்."

"நானா? நான் இன்னும் உயிரோடல்ல இருக்கேன்."

"கொஞ்ச நேரம் வெல்டிங்க நிறுத்துங்க."

நிறுத்தினார். பேனாவைப் பார்த்துச் சொல்ல அவள் நிறுத்திவிட்டு வந்த மாதப்பனின் தலை சுவருக்குமேல் எழுந்தது. "எறங்குதுங்க மேடம்."

"இப்ப அடிங்கண்ணா."

"ஏறுதுங்க."

கங்கப்பனுக்கு இது பிடித்துப்போனது. நிறுத்தியும் அடித்தும் பார்த்துக்கொண்டே இருந்தார். "என் கையில இவ்ளோ பவர் இருக்குன்னு, ஒருவாட்டி எங்க வூட்டுக்கு வந்து என் பெண்டாட்டிகிட்ட சொல்லணும் மேடம் நீங்க."

நடப்பது இதுதான். வெல்டிங் தீப்பொறி வெளிச்சம் மட்டும் தருவதில்லை. வானொலி அலைகளையும் வீசுகிறது. மோட்டார், கிரைண்டர், போலீஸ் ஒயர்லெஸ், எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் வீசுகின்றன. படலத்தை அளக்க வெளியிலிருந்து குளிர்கலத்துக்குள் இறங்கும் நீளமான கம்பிகள் ஆன்டெனா போல அவற்றைப் பிடித்து உள்ளே கொண்டுபோகின்றன. வெப்பமானி பக்கத்திலிருக்கும் செம்புக் கட்டையில் உட்கார்ந்து, நல்ல குளிர் என்று சொல்கிறது. அது பொய் சொல்லவில்லை. செம்பு குளிர்ந்துதான் இருக்கிறது. படலத்தின் எலக்ட்ரான்களைத்தான் கம்பி வழியே ஓசூர் முழுவதும் தட்டி எழுப்பிக்கொண்டிருக்கிறது. தாளம் சேரும் நேரம் பார்த்துத் தாளம் கலைகிறது.

இயக்குநர் இதைப் பொறுமையாகக் கேட்டார். மறுநாள், ஓசூரின் எல்லாத் தொழிற்சாலைகளும் வெள்ளிக்கிழமைதோறும் ஆயுத பூஜை கொண்டாட வேண்டும் என்று தொழில்முனைவோர் சங்கத்துக்குக் கடிதம் அனுப்பினார். பதில் வந்தது. மரியாதையாக இல்லை என்பதால் அதை யாருக்கும் காட்டவில்லை.

ஊரை நிறுத்த முடியாது, கம்பியை மட்டும் காப்பாற்றினால் போதும் என்று பவுலினா நினைத்தாள். கப்பலில் தாமதமாக வரும் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் அதற்கு வழி இருந்ததைப் படித்திருந்தாள். செம்புக் குழாய்க்குள் காப்பிட்ட மெல்லிய கம்பியை நீளமாகச் சுருட்டி வைத்து, சுற்றிலும் நைசான செம்புத்தூளைப் பசையோடு கலந்து அடைக்க வேண்டும். வேகமாகத் துடிக்கும் அலை உலோகத்தின் தோலில் மட்டுமே ஓடும். கோடிக்கணக்கான தூள் துணுக்குகள் என்றால் அவ்வளவுக்கும் தோல். அத்தனை தோலிலும் ஓடி ஓடி அலை தன்னைத்தானே செலவழித்துச் சூடாக மாறி அடங்கிவிடும். அளக்கிற மின்னோட்டமோ மெதுவானது. அதைத் தூள் கண்டுகொள்ளாது. அது கம்பிக்குள்ளேயே போய்ச் சேர்ந்துவிடும்.

செம்புத்தூளுக்கு எங்கே போவது என்று அவள் கேட்டதற்குக் கங்கப்பன் சிரித்தார். "ஓசூர்ல இதெல்லாம் ஒரு கேள்வியா? மூணாவது தெருவுல புஷ் செய்யறவன் மூட்ட மூட்டயா வெச்சிருக்கான். தூள அமுக்கிச் சுட்டாத்தானே அவனுக்கு பேரிங்." தூளும் வந்தது, குழாயையும் அவரே வெட்டிப் பற்றவைத்துக் கொடுத்தார். தன் வெல்டிங்கை அடைக்கத் தானே குழாய் செய்தவர் என்று பேட்டையில் அவரைக் கேலி செய்தார்கள்.

ஆய்வுக்குழு வந்த நாளில் பவுலினா கம்பிகளில் குழாய்களைப் பொருத்திவிட்டு, கங்கப்பனை வேண்டுமென்றே வெல்டிங் அடிக்கச் சொல்லியிருந்தாள். சுவருக்கு அப்பால் தீப்பொறி பறந்தது. பேனா இறங்கியது. அறுபதைத் தாண்டியது, பதினெட்டைத் தாண்டியது. பாஸ்கரன் தன் பிரிவின் பதிவு முத்திரையைக் கையில் எடுத்தார். நாலு ஓமில் பேனா நின்றது. வெல்டிங்கை நிறுத்தச் சொன்னாள், நாலு. அடிக்கச் சொன்னாள்; நாலு. இன்னும் குளிரவைத்தாள். நாலேதான். நடுக்கம் இல்லை, இப்போது அது மூச்சு விடவில்லை. கண் திறந்து பார்த்துக்கொண்டு நின்றது.

பவுலினா காலி நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள். கிருஷ்ணப்பன் அளந்த எண் தவறு. அவர் பார்த்தது சரி.

"இது பூஜ்யத்துக்கும் வராது, ஏறவும் ஏறாது சார்" என்றாள் குழுவிடம். "ஜோடி இருக்கு, ஆனா உலோகம் மாதிரி நடந்துக்குது. ஏன்னு எனக்குத் தெரியல. யாருக்கும் இன்னும் தெரியாதுன்னு நினைக்கிறேன். மூணாவது ஒரு நிலை."

தன் வேலை போனது என்று நினைத்துக்கொண்டுதான் இதைச் சொன்னாள். இயக்குநர் எழுந்தார். அவர் முகம் மெல்ல மெல்ல மலர்வதை எல்லாரும் பார்த்தார்கள்.

"மூணாவது நிலைன்னா மூணாவது பிரிவு" என்றார். "மூணாவது பிரிவுன்னா மூணாவது கட்டடம். ஜீப். இத்தன வருஷமா இந்த நிலையம் அஞ்சாம நிலைநாட்டின உண்மை இது. யாருக்கும் புரியாத ஒரு பொருளுக்கு ஒதுக்கற நிதி, ஒருநாளும் தீராது."

குழு கைதட்டியது. படலம் புதிய பிரிவின் பெயருக்கு மாறியது. பவுலினாவுக்கு விடுவிப்பு ஆணை தட்டச்சாகியது. புதிய பிரிவுக்குத் தலைவர் வேண்டும். பணிமூப்புப் பட்டியலில் அடுத்து இருந்தவர் கிருஷ்ணப்பன். நீண்டகாலமாக ஒருநாள்கூட விடுப்பு எடுக்காதவர் என்பதும் குறிப்பிடப்பட்டது. அவருக்குக் கைவைத்த நாற்காலி வந்தது.

செய்தியைச் சொன்னது பவுலினாதான். சென்னம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"பெரிய வேலயா?"

"பெரிய வேலதான்க்கா."

"அப்ப வர்றதுக்கு இன்னும் நேரமாகும்" என்றாள். பிறகு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

பவுலினாவின் இடத்துக்கு ஜெபதுரை என்பவர் மாற்றலாகி வந்தார். வந்ததும் அந்தப் பெரிய நாற்காலியிலிருந்து கண்ணை எடுக்காமல், தாழ்ந்த குரலில் கேட்டார். "மேடம், நெசமாவே இங்க பேய் இருக்கா?"

"ரெண்டு இருந்துச்சு" என்றாள் பவுலினா. "ஒண்ணு கம்பி வழியா வர்றது. குளிர்கலத்துக்குள்ள எறங்கற ஒவ்வொரு கம்பியையும் ஒரு செம்புத்தூள் குழாய் வழியா விடுங்க, ஒண்ணக்கூட விட்டுடாதீங்க. அது போயிடும். அப்புறம் அளக்கற மின்னோட்டமே படலத்தச் சூடாக்குதான்னு தெரிய, அதப் பாதியாக்கிப் பாருங்க. எண் மாறலேன்னா, மிச்சம் நிக்கறது படலத்தோடது. அத அப்படியே எழுதுங்க."